வரைபடங்கள் தெரிந்தும் பகுப்பாய்வு ஏன் கைவரவில்லை?

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்டபடி முதலில் சொல்லிவிடுகிறேன். எம்.சி.ஏ. இரண்டாம் ஆண்டில் அமைப்புப் பகுப்பாய்வும் வடிவமைப்பும் என்ற தாளில், நூலக மேலாண்மைக்கு டிஎஃப்டி (தரவு எங்கிருந்து எங்கே போகிறது என்று காட்டும் தரவோட்ட வரைபடம்), இஆர் வரைபடம் (எவற்றைப் பற்றிய தகவல், அவற்றுக்குள் என்ன தொடர்பு என்று காட்டுவது), யூஸ் கேஸ் (பயனர் அமைப்பைக் கொண்டு என்ன செய்வார் என்று காட்டுவது) எல்லாம் வரைந்து நல்ல மதிப்பெண் வாங்கியிருக்கிறீர்கள். பிறகு புராஜெக்டுக்காக உங்கள் மாமாவின் மருந்து மொத்த விற்பனைக் கடைக்குப் போய், அங்கே ஒரு முழுநாள் உட்கார்ந்தும் எதை வரைவதென்றே தெரியாமல் திரும்பியிருக்கிறீர்கள். அதனால் இந்தப் பாடம் காலாவதியாகிவிட்டதா, மென்பொருளைச் சிறு சிறு படிகளாகக் கட்டும் அஜைல் முறை வந்த பிறகு இதற்குத் தேவை உண்டா, எந்த மென்பொருள் கருவியைக் கற்றால் இந்தக் குறை தீரும் என்று கேட்கிறீர்கள். கருவியைப் பற்றிய கேள்வியை ஒதுக்கி வைத்துவிடலாம் என்று நினைக்கிறேன். மாமாவின் கடையில் உங்களைத் தடுத்தது கருவி இல்லாமை அன்று. பிறர் செய்யும் வேலையை, அவர்களாலேயே வாய்விட்டுச் சொல்ல முடியாத பகுதிகளோடு சேர்த்துப் பார்க்கும் பழக்கம் உங்களுக்கு இன்னும் வரவில்லை. அதைப் பல்கலைக்கழகப் படிப்பின்போதே கற்க முடியுமா என்பதுதான் நீங்கள் உண்மையில் கேட்டிருக்கும் கேள்வி. முடியும், ஆனால் வகுப்பறைக்குள் இருந்தபடியே முடியாது.

இருபது ஆண்டுகளுக்கு மேலாக வணிக நிறுவனங்களிலும் மருத்துவமனைகளிலும் பகுப்பாய்வாளராக வேலை செய்திருக்கிறேன். அண்மை ஆண்டுகளில் இதே தாளைப் பகுதிநேரமாக நடத்தியும் வருகிறேன். இயந்திரக் கட்டுப்பாடு, விமானப் போக்குவரத்து போன்ற துறைகளில் எனக்கு அனுபவம் கிடையாது. ஆகவே நான் சொல்வதை, பில், இருப்பு, பதிவேடு, அவற்றோடு மல்லுக்கட்டும் மனிதர்கள் என்று இயங்கும் இடங்களுக்கு மட்டும் பொருத்திக்கொள்ளுங்கள். உங்கள் மாமாவின் கடை அப்படிப்பட்ட இடம்தான்.

நூலகக் கணக்கு ஏன் எளிதாக இருந்தது என்று யோசித்துப் பாருங்கள். உறுப்பினர், புத்தகம், இரவல், அபராதம் ஆகிய நான்கையும் நீங்கள் பள்ளிநாளிலிருந்தே அறிவீர்கள். வினாத்தாளில் வரும் அந்தப் பத்து வரிப் பத்தி, பகுப்பாய்வு முடிந்த பிறகு எழுதப்படும் பத்தி. எது முக்கியம், எது முக்கியமில்லை, எந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்பதையெல்லாம் அதை எழுதிய ஆசிரியர் முன்பே முடிவு செய்துவிட்டார். மாணவர் செய்வது, அந்தப் பத்தியை ஒரு குறியீட்டு முறையிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது மட்டுமே. அந்தப் பயிற்சியும் வேண்டியதுதான்; எழுத்துகளைக் கற்காமல் கடிதம் எழுத முடியாது. ஆனால் மாமாவின் கடையில் அந்தப் பத்தியை எழுதித் தர யாரும் இல்லை. அதை எழுதுவதே உங்கள் வேலை என்பதை உங்களுக்கு யாரும் சொல்லவும் இல்லை.

இந்த வரைபடங்கள் எதற்காகத் தோன்றின என்பதை வகுப்பில் பெரும்பாலும் விட்டுவிடுகிறோம். 1970களின் பிற்பகுதியில் டாம் டிமார்கோ, கிறிஸ் கேன், டிரிஷ் சார்சன் முதலியோர் தரவோட்ட வரைபடங்களைப் பரப்பியபோது அவர்கள் எதிர்கொண்ட சிக்கல் ஒன்று உண்டு. தேவைகளை நூற்றுக்கணக்கான பக்கங்களுக்கு உரைநடையில் எழுதி, அதைப் படித்துப் புரிந்துகொள்ள முடியாத பயனரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார்கள். கிடங்கில் வேலை செய்பவர் ஒரு படத்தைப் பார்த்து, "இந்தச் சீட்டு அங்கே போகாது, முதலில் என்னிடம்தான் வரும்" என்று சொல்ல முடிய வேண்டும் என்பதற்காகவே படம் வந்தது. அதாவது, திருத்தப்படுவதற்காக வரையப்படுவது டிஎஃப்டி. மதிப்பெண்ணுக்காக வரையும்போது இது தலைகீழாகிவிடுகிறது. திருத்தம் வந்தால் மதிப்பெண் குறைகிறது. என் அனுபவத்தில், பயனரிடம் காட்டி ஒரு திருத்தமும் வராத முதல் வரைபடத்தைச் சந்தேகிக்க வேண்டும். பெரும்பாலும் அவர் அதை உண்மையில் பார்க்கவில்லை என்றே பொருள்.

டிஎஃப்டியின் விதிகளையும் அதே கண்ணோடு பாருங்கள். ஒரு செயலுக்குள் தரவு நுழைகிறது, எதுவும் வெளியே வரவில்லை என்றால் அது பிழை என்று படித்திருப்பீர்கள். உள்ளே போவதைக் கொண்டு உருவாக்கவே முடியாத ஒன்று வெளியே வந்தாலும் பிழை. யாரும் எழுதாத ஒரு சேமிப்பிலிருந்து எல்லாரும் படித்துக்கொண்டிருந்தாலும் பிழை. தேர்வுத் தாளில் இவை உங்கள் பிழைகள். கடையில் இவை கேட்கப்பட வேண்டிய கேள்விகள். பில் போடும் இடத்தில் ஒவ்வொரு கடைக்கும் தனித்தனித் தள்ளுபடி விழுகிறது, ஆனால் அந்த விகிதம் எந்த ஏட்டிலும் இல்லை என்று உங்கள் படம் காட்டினால், அது பில் போடுபவரின் நினைவில் இருக்கிறது என்று பொருள். அவர் விடுப்பில் போனால் என்ன நடக்கும் என்று கேளுங்கள். அங்கிருந்து ஒரு முழுநாள் பேச்சு கிடைக்கும்.

இஆர் வரைபடம் கேட்பது வேறு கேள்வி. 1976இல் பீட்டர் சென் முன்வைத்த அந்த முறை, இந்த நிறுவனம் எவற்றைப் பற்றி நினைவு வைத்திருக்க வேண்டும், அவை ஒன்றோடொன்று எப்படித் தொடர்புடையவை என்று கேட்கிறது. உங்கள் கடையையே எடுத்துக்கொள்வோம். முதல் முயற்சியில் மாணவர் எல்லாரும் மருந்து என்று ஓர் உருபொருளை, அதாவது தகவல் வைக்க வேண்டிய ஒன்றை, வரைந்து, பெயர், நிறுவனம், விலை, காலாவதித் தேதி, இருப்பு என்று பண்புகளை எழுதுவார்கள். பார்ப்பதற்குச் சரியாகவே இருக்கும். ஆனால் ஒரு மாத்திரைப் பட்டையை, கடைக்காரர் ஸ்ட்ரிப் என்று சொல்வதை, கையில் எடுத்துத் திருப்பிப் பாருங்கள். காலாவதித் தேதியும் அதிகபட்ச சில்லறை விலையும் பேட்ச் எண்ணுக்கு, அதாவது ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்ணுக்கு, பக்கத்தில் அச்சாகியிருக்கும். அதே மருந்தின் அடுத்த பேட்ச்சில் தேதி வேறு. விலையும் வேறாக இருக்கலாம். ஆகவே காலாவதி மருந்தின் பண்பன்று, பேட்ச்சின் பண்பு. இருப்பும் அப்படியே, பெயரளவில் 300 ஸ்ட்ரிப் இருக்கிறது என்பது கடைக்காரருக்குப் பாதிச் செய்திதான், அதில் 120 அடுத்த மாதம் காலாவதியாகிறது என்பதே அவருக்கு வேண்டிய செய்தி. இந்த ஒரு கோட்டைச் சரியாகப் போடாதவர் எழுதும் நிரல் எவ்வளவு நேர்த்தியாக இருந்தாலும் அந்தக் கடைக்கு உதவாது.

அதோடு நின்றுவிடாதீர்கள். கணினி, முதலில் காலாவதியாகும் பேட்ச்சைத் தேர்ந்து பில்லில் அச்சிடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அலமாரியிலிருந்து சரக்கை எடுக்கும் பையன், அவசரத்தில் கைக்கு எட்டிய பேட்ச்சை எடுத்துப் பெட்டியில் போடுகிறான். மருந்து அதேதான், எண்ணிக்கையும் சரி. மாதங்கள் கழித்து அந்த மருந்துக்கடை காலாவதிச் சரக்கைத் திருப்பி அனுப்பும்போது, அந்த பேட்ச்சை அவர்களுக்கு விற்றதாகவே உங்கள் தரவுத்தளத்தில் இருக்காது. கடைக்காரர் இதை எப்படிச் சமாளிக்கிறார்? பழகிய கடை என்றால் வாங்கிக்கொள்வார், மற்றவர் என்றால் தகராறு. இந்தத் தீர்ப்பு எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை. கணக்கு எழுதுபவரின் மேசை இழுப்பறையில் உள்ள ஒரு நோட்டில் இருக்கும். அமைப்பின் உயிர் இத்தகைய இடங்களில்தான் இருக்கிறது என்பது என் உறுதியான கருத்து.

காலத்தையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். 2025 செப்டம்பர் 22 முதல் பெரும்பாலான மருந்துகளுக்கான ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 5 சதவீதமாகக் குறைந்தது. வரி விகிதத்தை மருந்தின் பதிவில் ஒரே ஓர் எண்ணாக வைத்து, அதன் மேலேயே புதியதை எழுதிவிட்டால், முந்தைய பில் ஒன்றை மறுபடி அச்சிடும்போது தவறான வரி வரும்; பழைய பில்லுக்கு எதிராகத் திரும்பும் சரக்குக்குக் கிரெடிட் நோட் (அதன் தொகையை வாங்கியவர் கணக்கில் வரவு வைக்கும் சீட்டு) போடும்போதும் விகிதம் பிசகும். விகிதம், அது தொடங்கும் தேதி, முடியும் தேதி என்று தனியாக வைத்தவர்களுக்கும், விற்ற அன்றைய விகிதத்தைப் பில்லின் ஒவ்வொரு வரியிலும் பதிந்து வைத்தவர்களுக்கும் அந்தச் சிக்கல் இல்லை. எது மாறும், எது ஒருமுறை நடந்த பிறகு மாறவே கூடாது என்று பிரித்தறிவது வடிவமைப்பின் பாதி. இதற்கு மேதைமை தேவையில்லை. ஒவ்வொரு பண்புக்கும் பக்கத்தில் நின்று, இது நாளை மாறினால் நேற்றைய பதிவு என்னவாகும் என்று கேட்கும் பொறுமை இருந்தால் போதும்.

அடுத்தது, மனிதர்களிடம் கேட்கும் முறை. "ஆர்டரை எப்படிக் கையாளுகிறீர்கள்?" என்று கேட்டால், எப்படிக் கையாள வேண்டுமோ அதைச் சொல்வார்கள். அது பொய்யில்லை, பொதுவாகக் கேட்ட கேள்விக்குப் பொதுவான பதில். மாறாக, "நேற்றுக் கடைசியாக வந்த ஆர்டரைக் காட்ட முடியுமா?" என்று கேளுங்கள். அது தொலைபேசியில் வந்ததா, சேல்ஸ்மேன் எழுதி வந்ததா, வாட்ஸ்அப்பில் படமாக வந்ததா, அதில் இருந்த எட்டு மருந்தில் இரண்டு இல்லாதபோது யாரைக் கேட்டு என்ன செய்தார்கள் என்று ஒன்றன்பின் ஒன்றாக வரும். காலையில் ஒருமுறை, கூட்டம் அதிகமான நேரத்தில் ஒருமுறை, மாதக் கடைசியில் ஒருமுறை என்று மூன்று வேளை போய் உட்காருங்கள். மூன்றும் மூன்று நிறுவனங்களைப் போலத் தெரியும். அங்கே புழங்கும் படிவங்களின் நகலைச் சேகரியுங்கள், ஆனால் வெற்றுப் படிவம் வேண்டாம். நிரப்பப்பட்ட படிவம் வேண்டும். ஓரத்தில் பேனாவால் எழுதியிருக்கும் குறிப்பே, அந்தப் படிவத்தை வடிவமைத்தவர் விட்டுவிட்ட கட்டம்.

நான் இதைக் கற்றது ஒரு தவறின் வழியாகத்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஒரு மருத்துவமனையின் ஆய்வகத்துக்கு அமைப்பு ஒன்றை வடிவமைத்தேன். பில் போட்ட பிறகே மாதிரியைப் பதிய முடியும் என்று விதி வைத்தேன். நிர்வாக அலுவலர், ஆய்வக மேலாளர் இருவரும் அப்படித்தான் நடக்கிறது என்று சொல்லியிருந்தார்கள், பகலில் நான் பார்த்ததும் அதுவே. இரவில் அவசரப் பிரிவில் ரத்தம் முதலில் போகும், பில் காலையில் வரும். அதை யாரும் சொல்லவில்லை. நான் இரவில் போய்ப் பார்க்கவுமில்லை. அமைப்பு நடைமுறைக்கு வந்ததும், இரவுப் பணியில் இருந்த செவிலியர்கள் வேறு வழியில்லாமல் பழைய பில் எண் ஒன்றைப் போட்டு மாதிரிகளைப் பதியத் தொடங்கினார்கள். இரண்டு நோயாளிகளின் முடிவுகள் ஒரே எண்ணின் கீழ் வந்துவிட்டதை ஆய்வக உதவியாளர் ஒருவர் கவனித்துத் தடுத்தார். நிரலில் பிழை ஏதும் இல்லை. நான் எழுதிய விதி, நள்ளிரவு இரண்டு மணிக்கு அங்கே நடக்கும் வேலைக்குப் பொருந்தவில்லை. அன்றிலிருந்து எந்த இடத்துக்குப் போனாலும் இரவுப் பணி உண்டா என்றுதான் முதலில் கேட்கிறேன்.

இதே வகைப் பிழை பெரிய அளவில் நடந்ததற்குப் பொதுப் பதிவில் உள்ள உதாரணம் லண்டன் ஆம்புலன்ஸ் சேவை. அதுவரை அங்கே அழைப்பை எடுப்பவர் காகிதப் படிவத்தில் எழுதுவார். அது கன்வேயர் பட்டையில் சென்று சேரும். எந்த வண்டியை அனுப்புவது என்று அனுபவமுள்ள ஊழியர்கள் முடிவு செய்வார்கள். 1992 அக்டோபர் 26 அன்று அந்த முடிவை எடுக்கும் கணினி அமைப்பை நகர் முழுவதற்கும் ஒரே நாளில் நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு வண்டியும் எங்கே இருக்கிறது, என்ன நிலையில் இருக்கிறது என்பது ஏறக்குறையப் பிசகில்லாமல் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். வானொலித் தொடர்பு எட்டாத இடங்கள் இருந்தன. பதற்றத்தில் ஊழியர்கள் பொத்தான்களை வரிசை மாற்றி அழுத்தினார்கள், சில வேளை அழுத்தாமலே விட்டார்கள். கணினியின் மனத்தில் இருந்த லண்டன் வேறாகவும் உண்மையான லண்டன் வேறாகவும் விலகிப்போயின. ஒரே இடத்துக்கு இரண்டு வண்டிகள் போயின. ஊழியர் தனியே கவனிக்க வேண்டியவற்றைச் சொல்லும் விதிவிலக்குச் செய்திகள் குவிந்து திரையைவிட்டு மேலே நகர்ந்து மறைந்தன. வண்டி வராதவர்கள் மீண்டும் மீண்டும் அழைத்ததால் அழைப்புகள் பெருகின. மறுநாளே பாதி கைவேலைக்குத் திரும்ப நேர்ந்தது. நவம்பர் 4 அன்று அமைப்பு முற்றாக நின்றது. அதற்குக் காரணம் நினைவகத்தை விடுவிக்காத ஒரு சிறு நிரல்துண்டு, அதாவது மெய்யான நிரல் பிழை. ஆனால் அக்டோபரில் நடந்ததைப் பற்றி, 1993இல் வெளியான விசாரணை அறிக்கை சொன்னதை ஒவ்வொரு மாணவரும் அறிந்திருக்க வேண்டும்: அந்த இரண்டு நாளும் கணினி தொழில்நுட்ப அளவில் பழுதாகவில்லை, பெரும்பாலும் வடிவமைத்தபடியே இயங்கியது, வடிவமைப்பில்தான் பெருங்குறைகள் இருந்தன. நான் ஒவ்வொரு ஆண்டும் இதற்கென ஒரு முழு வகுப்பை ஒதுக்குகிறேன்.

அஜைலைப் பற்றிக் கேட்டீர்கள். அதற்கு எதிரானதாகச் சொல்லப்படுவது அருவி முறை. மென்பொருள் வேலையின் நிலைகளை அருவிபோல் ஒன்றன்கீழ் ஒன்றாகக் காட்டும் அதன் படத்துக்கு மூலமாக வின்ஸ்டன் ராய்ஸ் 1970இல் எழுதிய கட்டுரையைக் காட்டுவது வழக்கம். அந்தக் கட்டுரையில் அருவி என்ற பெயரே இல்லை. அந்தப் படத்தைப் போட்ட கையோடு, இதை இப்படியே பின்பற்றினால் தோல்வியை வரவழைக்கும் என்று அவரே எழுதி, முன்மாதிரியாக ஒருமுறை கட்டிப் பார்க்கும்படி அறிவுறுத்தினார். 2001இல் பதினேழு பேர் கையெழுத்திட்ட அஜைல் பிரகடனம் பகுப்பாய்வை ஒழிக்கவில்லை. அதைத் தொடக்கத்திலேயே மொத்தமாகச் செய்து முடிப்பதை விட்டு, தொடர்ந்து பயனருக்குப் பக்கத்தில் செய்ய வழிவகுக்கிறது. மேலே சொன்ன பேட்ச் விஷயத்தை முதல் ஸ்பிரின்ட்டில், அதாவது சில வாரங்களே நீளும் முதல் வேலைச்சுற்றில், தவறவிட்டால் நான்காவதில் அட்டவணைகளையெல்லாம் பிரித்துக் கட்ட நேரும். சிறு சிறு படிகளாகப் போனாலும், தரவின் அடிப்படை அமைப்பை முன்கூட்டி யோசித்தே ஆக வேண்டும். இதில் எனக்கு ஐயமில்லை.

ஐயமுள்ளவற்றையும் சொல்ல வேண்டும். மென்பொருள் வரைபடங்களுக்கான பொதுக் குறியீட்டு மொழியான யூஎம்எல் 1997இல் தரநிலையாக ஏற்கப்பட்டபோது எதிர்பார்க்கப்பட்ட அளவுக்கு அதன் முழுத் தொகுதியையும் பயன்படுத்தும் குழுவை நான் பார்த்ததில்லை. கிளாஸ், சீக்வென்ஸ், ஸ்டேட் என்ற மூன்று வரைபடங்கள் மட்டும் வெள்ளைப் பலகையில் அடிக்கடி வரும். மற்றவற்றுக்கு எவ்வளவு நேரம் செலவிடலாம் என்பதில் ஆசிரியர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு, என் பக்கமே சரி என்று வாதிட மாட்டேன். செயற்கை நுண்ணறிவுக் கருவிகளிடம் மருந்துக்கடைக்கு இஆர் வரைபடம் கேட்டால் பேட்ச்சைக்கூடச் சரியாகப் பிரித்துத் தரக்கூடும். நல்ல முதல் வரைவு அது. ஆனால் உங்கள் மாமாவின் கணக்காளர் வைத்திருக்கும் நோட்டு அதற்குத் தெரியாது, அதைக் கேட்டு வாங்கி வருபவர் ஒருவர் வேண்டும் என்பதே இன்றுவரை என் கணிப்பு.

ஒரு வரலாற்றுச் செய்தியை இங்கே சொல்ல ஆசைப்படுகிறேன், ஏனெனில் இந்தத் தொழில் எங்கிருந்து வந்தது என்பதை அது காட்டுகிறது. வணிக அலுவலக வேலையை வழக்கமாகச் செய்யத் தொடங்கிய முதல் கணினியான லியோவை, 1951இல் இங்கிலாந்தில் இயக்கியது தேநீர்க்கடைகளும் ரொட்டித் தொழிலும் நடத்திய லயன்ஸ் நிறுவனம். கணினி என்ற பேச்சே எழுவதற்கு முன்பிருந்தே அங்கே அலுவலக வேலைமுறைகளை ஆராய ஒரு பிரிவு இருந்தது. அதை நடத்திய டேவிட் கேமினர்தான் பின்னர் லியோவின் பணிகளுக்கான பகுப்பாய்வை முன்னின்று செய்தார். வேலையைப் படிக்கும் கலை முதலில் வந்தது, இயந்திரம் பிறகு வந்தது. மின்னணுவியல் தெரிந்தவர்களும் ரொட்டிக் கணக்குத் தெரிந்தவர்களும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள் என்பதே அவர்களது பெரிய வசதி.

உங்கள் படிப்புக்குத் திரும்புவோம். வழிகாட்டும் பேராசிரியர் ஒப்புக்கொண்டால், பில்லிங், இருப்பு, கணக்கு, அறிக்கை என்று எல்லாவற்றையும் திட்டத்தில் சேர்க்காதீர்கள். காலாவதிச் சரக்கு திரும்பும் வேலை ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். சிறியதாகத் தோன்றும், ஆனால் கடை, மொத்த விற்பனையாளர், மருந்து நிறுவனம் என மூன்று தரப்பையும், வரியையும், பேட்ச்சையும் அது தொடும். இன்று எந்த ஆள், எந்தத் தாள், எந்த அட்டைப்பெட்டி வழியாக நடக்கிறதோ அதை அப்படியே பெயர்களோடு முதலில் வரையுங்கள். பிறகு ஆட்களையும் தாள்களையும் நீக்கி, அவற்றின் பின்னால் உண்மையில் என்ன நடக்கிறது என்பதை மட்டும் வரையுங்கள். மூன்றாவதாக, எது மாற வேண்டும் என்று முடிவு செய்து வரையுங்கள். எதைக் கணினி செய்யும், எதை மனிதர் செய்வார் என்பது கடைசியில் வரட்டும். டிமார்கோ அன்று வகுத்த இந்த நான்கு படிகளை முழுவதும் கடக்க நேரமாகும் என்று பலர் முதலிரண்டைத் தவிர்ப்பார்கள். தொழிலில் அதற்கு நியாயம் இருக்கலாம், கற்கும் காலத்தில் இல்லை. ஒவ்வொரு படியிலும் காகிதத்தில் பென்சிலால் வரைந்ததையே கடைக்குக் கொண்டுபோங்கள். அழகாக அச்சிட்ட படத்தைத் திருத்தப் பெரியவர்கள் தயங்குவார்கள். பென்சில் கோட்டின் மேல் தாங்களே கோடு போடுவார்கள்.

முதல் நாள் மாமாவிடம் தொடங்காமல், திரும்பி வந்த பெட்டியைப் பிரித்து எண்ணுபவரிடம் தொடங்குங்கள். போன முறை வந்த ஒரு பெட்டியின் சீட்டை எடுத்துக் காட்டச் சொல்லி, அது எந்தெந்தக் கைகள் வழியாகப் போய் எங்கே முடிந்தது என்று கூடவே நடந்து பாருங்கள். நடந்து முடித்த பிறகு, பத்து வாங்கினால் ஒன்று இலவசம் என்ற ஸ்கீமில் போன அந்தப் பதினோராவது ஸ்ட்ரிப்பும் காலாவதியாகித் திரும்பினால் அதற்கு எவ்வளவு கிரெடிட் கொடுக்கிறார்கள் என்று கேளுங்கள். எண்ணுபவர் ஒன்று சொல்வார், கணக்காளர் வேறொன்று சொல்வார், மாமா மூன்றாவதாக ஒன்று சொல்லக்கூடும். மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து அவர்கள் ஒத்துக்கொள்ளும் விதியை ஒரு வரியில் எழுதி, அடியில் தேதியைப் போட்டுக்கொண்டு வாருங்கள். உங்கள் வரைபடத்தின் முதல் செயல் அதுவாக இருக்கட்டும்.